பாசி பார்க்க ஒரு சங்கமா?
வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில், மரப்பட்டையிலும் கல்லிலும் திட்டுத் திட்டாக ஒட்டி வளர்கிற லைக்கன் என்ற உயிரைத் தேடிப் பார்க்கிற ஆர்வலர் குழு ஒன்று நடத்திய ஆண்டுக் கூடலுக்குப் போய் வந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நாலே வரிதான், அதுவும் இடம் மிச்சமிருந்ததால். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று யார் கண்டது? பாதி கிண்டல், பாதி நிஜமான சந்தேகம். வருமான வரி, வாஸ்து கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும், இந்த முறை முழுக்க இதுதான்.

கேள்வி: ஏனுங்க, அரிமா சங்கம் தெரியும், ஆலைத் தொழிலாளர் சங்கம் தெரியும். மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற பாசியைப் பார்க்க ஒரு சங்கம், அதற்கு ஆண்டுவிழா வேறயா? வேலைவெட்டி இல்லாத ஆட்களா இவர்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேலைவெட்டி எல்லாம் நிறையவே இருக்கிறது ஐயா. வந்திருந்தவர்களில் ஒருவர் ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். ஒருவர் பல் டாக்டர். கல்லூரிப் பிள்ளைகள் சிலர். திருப்பூரிலிருந்து ஒரு அக்கா, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்கத் துணியில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடிப் பழகிய கண் அவருக்கு. தாவரவியல் படித்தவர்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே, "இதுவும் அதுவும் ஒண்ணு இல்லீங்க, இதுக்கு ஓரம் சுருண்டிருக்கு பாருங்க" என்று விரலை வைத்துவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

மேடை கிடையாது, மைக் கிடையாது. யாரோ பழக்க தோஷத்தில் ஒரு பொன்னாடை வாங்கி வந்திருந்தார், யாருக்குப் போர்த்துவது என்று கடைசிவரை முடிவாகாமல் அது பையிலேயே வீடு திரும்பியது. காலையில் எல்லோரும் கழுத்தில் கயிறு கட்டிய பத்து மடங்கு லென்ஸோடு, ஒரு பழைய மாமரத்தைச் சுற்றி நின்றுகொண்டு பட்டையில் மூக்கை ஒட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். களை வெட்ட வந்த அம்மா ஒருத்தர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "மரத்துல என்ன சாமி தொலைச்சீங்க?" என்று கேட்டார். அவர் கையிலும் ஒரு லென்ஸைக் கொடுத்தார்கள். அப்புறம் களைவெட்டு கொஞ்சம் தாமதமானது, தோப்புக்காரர் என்னை மன்னிக்க வேண்டும்.

அப்படி என்னதான் தெரிகிறது? வெறும் கண்ணுக்கு ரூபாய் நாணயம் அகலத்தில் சாம்பல் திட்டு, அவ்வளவுதான். லென்ஸில் பார்த்தால் அதன் ஓரம் சின்னச் சின்ன மடல்களாகப் பிரிந்து பட்டையோடு படிந்திருக்கிறது, நடுவில் கடுகைவிடச் சிறிய கறுப்புக் கிண்ணங்கள். வித்துகள் உருவாகிற இடம் அவைதான். மேலே தண்ணீர் தெளித்தால் சாம்பல் போய்ப் பச்சை வருகிறது, கண் முன்னாலேயே. காய்ந்திருக்கும்போது மேல்தோல் மங்கலாக இருந்து லைக்கனுக்குள் குடியிருக்கிற பச்சைப் பாசியை மறைக்கிறது, நனைந்ததும் தோல் தெளிந்து உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரிகிறது.

அன்றைக்குப் பெரிய வேடிக்கை, கள்ள நோட்டுப் பார்க்கிற புற ஊதா டார்ச். அதற்கு இருட்டு வேண்டும், மணியோ பதினொன்று. உட்காருவதற்கு விரித்திருந்த பவானி ஜமக்காளத்தை எடுத்து மரத்தையும் தலைகளையும் சேர்த்து மூடிக்கொண்டு டார்ச்சை அடித்தார்கள். ஒரு திட்டு மட்டும் மஞ்சளாக ஒளிர்ந்தது, பக்கத்துத் திட்டு கம்மென்று இருந்தது. ஒளிர்ந்தது பிக்ஸினே கோகோயஸ் என்ற வகை என்றார்கள். நம் நாட்டு ஊர்களிலும் நகரங்களிலும் சாதாரணமாகக் காணப்படுவது. அதிலுள்ள லைகெக்சாந்தோன் என்ற பொருள்தான் அந்த மஞ்சள் ஒளியைத் தருகிறது. ஜமக்காளத்துக்குள்ளிருந்து வந்த கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும் ஐயா, கபடி போட்டியில்கூட அப்படி வராது.

சங்கம் வைப்பதும் புதுசில்லை. பிரிட்டிஷ் லைக்கன் சங்கம் 1958-இல் லண்டனில் தொடங்கியது. அதைத் தொடங்குவதில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் டூகல் ஸ்வின்ஸ்கோ, மருத்துவர், மருத்துவ இதழ் ஒன்றில் ஆசிரியர் குழுவில் இருந்தவர். அதே ஆண்டு அவர்கள் தொடங்கிய 'தி லைக்கனாலஜிஸ்ட்' ஆய்விதழ் இன்றும் வருகிறது. அங்கே தொழில்முறை அறிஞர்களும், சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு விடுமுறையில் லென்ஸைத் தூக்குகிறவர்களும் ஒன்றாக மலையிலும் காட்டிலும் அலைகிறார்கள். அந்தக் களப் பயணங்கள்தான் அந்தச் சங்கத்துக்கு உயிர். நம் நாட்டில் லக்னோ பல்கலைக்கழகத்தில் இருந்த தரணி தர் அவஸ்தி இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர், லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பெரிய லைக்கன் சேகரம் இருக்கிறது. இந்தியாவில் இதுவரை பதிவான வகைகள் 2,000-க்கும் மேல். அதில் நம் வீட்டு வேம்பில் எத்தனை என்று பார்க்க நாலு பேர் கூடினால் தப்பா சொல்லுங்கள்.

கேள்வி: லைக்கன் பாசியா, காளானா, செடியா? எங்கள் வகுப்பில் மூன்று பேர் மூன்று பதில் சொல்கிறோம்.
– பிளஸ் ஒன் மாணவி, நாமக்கல்

பதில்: செடி என்றவர் மட்டும் தோற்றார். மற்ற இரண்டு பேருக்கும் பாதி மதிப்பெண். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் (சில வகைகளில் பாசிக்குப் பதில் நீலப்பச்சைப் பாக்டீரியா) சேர்ந்து நடத்துகிற குடித்தனம் அது. பூஞ்சை வீடு கட்டி வெயில் படாமல், ஈரம் போகாமல் பார்த்துக்கொள்கிறது, பாசி வெளிச்சத்தை வைத்துச் சமைத்துப் போடுகிறது. வேர் கிடையாது, வேண்டியதை மழையிலும் பனியிலும் காற்றில் வருகிற தூசியிலும் எடுத்துக்கொள்ளும்.

இதை 1867-இல் முதலில் சொன்னவர் சுவிட்சர்லாந்துக்காரர் சைமன் ஷ்வெண்டனர். சொன்னதும் அந்தக் காலத்து லைக்கன் அறிஞர்கள் அவரைக் கடித்துக் குதறாத குறை. ஒரே உயிர் என்று நாங்கள் பெயர் வைத்து, அடுக்கி, பெட்டியில் பூட்டி வைத்திருப்பதை இரண்டு என்கிறாயா என்று கோபம். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் பின்லாந்துக்காரர் வில்லியம் நைலாண்டர், பெரிய ஆள், அவரைப் பற்றிப் பின்னால் இன்னொரு பதிலில் வருகிறது. கடைசியில் ஷ்வெண்டனர் சொன்னதே நின்றது. கதை அங்கேயும் முடியவில்லை. 2016-இல் டோபி ஸ்ப்ரிபில் என்ற ஆய்வாளரின் குழுவினர் பல லைக்கன்களின் மேல்தோலுக்குள் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றும் குடியிருப்பதைக் கண்டு எழுதினார்கள். அதன் வேலை என்ன என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. வகுப்பில் நாலாவது பதில் ஒன்றும் இருக்கிறது என்று போய்ச் சொல்லுங்கள் கண்ணு.

கேள்வி: எங்கள் தோப்பில் தென்னை மரத்து உடம்பெல்லாம் வெள்ளை, சாம்பல், சில மரத்தில் சிவப்பாகவும் திட்டுத் திட்டாக இருக்கிறது. மருந்துக் கடையில் பூஞ்சாணம் என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அரிவாளால் சுரண்டிவிடச் சொல்கிறார். எதைச் செய்வது?
– தென்னை விவசாயி, ஆனைமலை

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். முக்கியமாக அந்த அரிவாளைக் கொண்டுபோய்ச் சாளையிலேயே செருகி வையுங்கள்.

நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு அது லைக்கன்தான். மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதே தவிர மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. வெளிச்சமும் ஈரமும் கிடைக்கிற, அசையாத ஒரு இடம் அதற்கு வேண்டும், தென்னை மரம் இல்லாவிட்டால் வேலிக்கல்லில் உட்காரும். நோஞ்சான் மரத்தில் நிறைய இருக்கிறதே என்று கேட்பீர்கள். மட்டை குறைந்து கொண்டை விரிந்துபோன மரத்தில் தண்டுக்கு வெயில் அதிகம் விழுகிறது, அதனால் லைக்கனும் அதிகம் வளர்கிறது. மரம் மெலிந்ததற்கு வேறு காரணம் இருக்கும், அதைத் தேடுங்கள். உரமா, தண்ணியா, வேரா என்று பாருங்கள்.

சுரண்டினால் என்ன ஆகும் தெரியுமா? தண்டில் காயம் விழும். அந்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும். லைக்கன் ஒன்றும் செய்யாத மரத்தை வண்டு சாய்த்துவிடும். மருந்து அடித்தால் லைக்கன் செத்துப்போகும், நிஜம்தான், தாமிரம் கலந்த மருந்துக்கு அது தாங்காது. ஆனால் செத்து என்ன லாபம்? காய் ஒன்று கூடப்போவதில்லை, கூலியும் மருந்துக் காசும்தான் போகும்.

கவலைப்பட வேண்டியது வேறு இருக்கிறது. தண்டின் அடிப்பகுதியில் வெடிப்பு விழுந்து செம்பழுப்பாகச் சாறு வடிந்தால் அது நோய், உடனே வேளாண்மைத் துறை ஆட்களைக் கூப்பிடுங்கள். ஓலையின் மேல் கரி பூசியது போல் கறுப்பாகப் படிந்தால் அது சுருள் வெள்ளை ஈ விட்டுப்போன தேன் கழிவில் வளர்கிற கரும்பூசணம். 2016-இல் இந்தியாவிலேயே முதலில் உங்கள் பொள்ளாச்சிப் பக்கம்தான் அந்த ஈயைக் கண்டுபிடித்தார்கள், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இந்த இரண்டும் இல்லாமல் உலர்ந்து, படிந்து, வருஷக்கணக்காக அப்படியே இருக்கிற திட்டு என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிரியாணிக்குப் போடுகிற கல்பாசியும் இதுதான் என்று என் மகள் சொல்கிறாள். நிஜமா? கேட்டதிலிருந்து போடவே மனசு வரவில்லை.
– குடும்பத் தலைவி, ஈரோடு

பதில்: மகள் சொன்னது நிஜம் அம்மணி, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். பார்மோட்ரெமா என்ற இனத்து லைக்கன்தான் கல்பாசி, அதில் பெர்லேட்டம் என்ற வகையைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். கடையில் வாங்குகிற பொட்டலத்தில் அந்த ஒன்றே இருக்கும் என்று எண்ண வேண்டாம், பார்க்க ஒரே மாதிரி இருக்கிற இரண்டு மூன்று வகை கலந்துதான் வரும். இமயமலைப் பக்கத்துக் காடுகளிலிருந்தும் நம் மலைகளிலிருந்தும் மக்கள் பொறுக்கி விற்கிறார்கள். மராட்டியர்கள் இதைத் தகட் பூல் என்று சொல்லி கோடா மசாலாவில் போடுகிறார்கள். கன்னோஜில் அத்தர் செய்கிறவர்களும் வாங்குகிறார்கள்.

ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். மேல்பக்கம் வெளுத்த சாம்பல், அடிப்பக்கம் கன்னங்கரேல், ஓரத்தில் மட்டும் பழுப்பு. பச்சையாக முகர்ந்தால் பழைய பரண் வாசம், அவ்வளவு ஒன்றும் இல்லை. காய்ந்த எண்ணெயில் விழுந்ததும்தான் அதன் குணம் வெளியே வருகிறது. எனவே கடைசியில் தூவிப் பயனில்லை, பட்டை கிராம்போடு முதலில் போட வேண்டும். போடுவதற்கு முன் மரப்பட்டைத் துணுக்கு, சுள்ளி, மண் எல்லாம் பார்த்து எடுத்துவிடுங்கள். ஒரு சிட்டிகை போதும், அள்ளிப் போட்டால் குழம்பு கசக்கும்.

இன்னொன்று. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல்பாசி வளர வருஷங்கள் ஆகும், பறித்தால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடாது. எனவே எல்லாக் கறிக்கும் இதைப் போடுகிற புதுப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிபாளையம் சிக்கனில்கூடக் கல்பாசி போடச் சொல்லி ஒருவர் குறிப்பு எழுதியிருந்தார். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, இதற்கு மேல் அதற்கு என்ன வேண்டும்? ஊர்க்காரர்கள் பார்த்தால் சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான்.

கேள்வி: லைக்கன் விண்வெளிக்குப் போனதா?
– எட்டாம் வகுப்பு மாணவன், காங்கேயம்

பதில்: போனது தம்பி. 2005-இல் ஃபோட்டான் எம்2 என்ற விண்கலத்தில் இரண்டு வகை லைக்கன்களை வெளியே திறந்து வைத்து இரண்டு வாரத்துக்கு மேல் சுற்ற விட்டார்கள். காற்று இல்லை, சூரியனின் புற ஊதாக் கதிர் நேராக அடிக்கிறது. திரும்பி வந்ததும் தண்ணீர் காட்டினார்கள், பழையபடி ஒளிச்சேர்க்கை செய்தது. உங்கள் ஊர்க் கொறங்காட்டில் வெள்வேல மரத்துப் பட்டையில் சித்திரை வெயிலைத் தாங்கிக்கொண்டு இருக்கிறதே, அதுவும் இதன் சொந்தக்காரன்தான். ஆட்டுக்குட்டி மேய்க்கப் போகும்போது பார்.

கேள்வி: லைக்கன் இருந்தால் காற்று சுத்தம், இல்லாவிட்டால் மாசு என்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு மரத்திலும் இல்லை. வீட்டை விற்றுவிட்டு வால்பாறை போய்விடலாமா?
– தனியார் நிறுவன ஊழியர், கோவை

பதில்: வால்பாறையில் வீடு கிடைத்தால் எனக்கும் ஒன்று பாருங்கள். ஆனால் அவசரப்பட்டு விற்காதீர்கள்.

விஷயம் உண்மைதான். பாரிஸில் லக்ஸம்பர்க் தோட்டத்தில் இருக்கிற லைக்கன்கள் நகரத்தின் மற்ற இடங்களில் இல்லையே என்று கவனித்து, இது காற்றின் சுத்தத்தைக் காட்டுகிறது என்று 1866-இலேயே எழுதினார் ஒருவர். யார் என்று நினைக்கிறீர்கள்? மேலே ஷ்வெண்டனரைத் திட்டினாரே, அதே நைலாண்டர். ஒரு விஷயத்தில் பிடிவாதமாகத் தவறிய மனிதர் இன்னொன்றில் ஊருக்கு முன்னால் நிற்கிறார்! 1970-இல் இங்கிலாந்தில் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எந்த லைக்கன் இருக்கிறது, எது போய்விட்டது என்பதை வைத்தே காற்றில் கந்தக டை ஆக்சைடு எவ்வளவு என்று கணிக்க ஒரு அளவுகோல் போட்டுக் கொடுத்தார்கள். நிலக்கரிப் புகை அங்கே அந்த அளவுக்கு இருந்தது. லைக்கனுக்குத் தோலில் வடிகட்டி எதுவும் கிடையாது, காற்றில் மழையில் வருவதை அப்படியே உள்ளே வாங்கும், அதனால் முதலில் அடிபடுவதும் அதுதான்.

ஆனால் அந்த அளவுகோலை இங்கே கொண்டுவந்து அவினாசி ரோட்டில் வைத்தால் செல்லாது. அது அவர்கள் ஊர் மரத்துக்கும் மழைக்கும் போட்டது. நம்முடையது மழை மறைவு நாடு, மலை தடுத்துவிடுவதால் மழை குறைந்த பக்கம். ஒரே கோவை மாவட்டத்தில் சின்னக்கல்லாறில் கொட்டித் தீர்க்கிறது, சூலூரில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். லைக்கன் இல்லாததற்கு வறட்சி காரணமாக இருக்கலாம், மரம் இளசாக இருக்கலாம், பட்டையை உரித்துத் தள்ளுகிற தைல மரமாக இருக்கலாம். அதில் எதுவும் ஒட்டி நிற்க முடியாது. மாநகராட்சி பூசிய சுண்ணாம்பாகக்கூட இருக்கலாம்! பார்க்க வேண்டுமென்றால் ஒரே வகை மரமாக, ஏறக்குறைய ஒரே வயசாக, ஊருக்குள் சில, ஊருக்கு வெளியே சில என்று எடுத்துக்கொண்டு ஒரே உயரத்தில் பாருங்கள். வேம்பு நல்லது, எங்கும் கிடைக்கும். புளியமரம் இன்னும் நல்லது, ஆனால் ரோட்டோரத்துப் பெரிய புளியமரங்களைத்தான் அகலப்படுத்துகிறோம் என்று வெட்டித் தீர்த்துவிட்டோமே. நூறு வருஷப் பட்டையில் இருந்தவை எல்லாம் மரக்கடைக்குப் போய்விட்டன, புதுசாக நட்ட கன்றில் அவை வந்து உட்கார நம் பேரன் காலம் ஆகும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பழைய கோயிலில் கும்பாபிஷேகம் வருகிறது. கல்தூணிலும் சுவரிலும் படிந்திருக்கிற இந்தத் திட்டுகளை ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்று ஒரு ஒப்பந்ததாரர் சொல்கிறார். மணல் வீச்சுப் பண்ணினால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று இன்னொருவர். கமிட்டியில் இரண்டு கட்சி.
– கோயில் கமிட்டி உறுப்பினர், அவினாசி வட்டம்

பதில்: மூன்றாவது கட்சி ஆரம்பியுங்கள் ஐயா. ஆசிட்டும் வேண்டாம், மணல் வீச்சும் வேண்டாம் என்ற கட்சி.

லைக்கன் கல்லுக்கு முழு நல்லவன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆக்சாலிக் அமிலம் போன்றவற்றைச் சுரக்கிறது, அதன் இழைகள் கல்லின் துகள் இடுக்குகளில் இறங்குகின்றன. பல நூறு வருஷத்தில் மேற்பரப்பு கொஞ்சம் பொரிந்துபோகலாம். ஆனால் லைக்கன் நூறு வருஷத்தில் செய்வதை மணல் வீச்சு ஒரு மத்தியானத்தில் செய்துவிடும். உளி போட்ட நுணுக்கம், தூணில் உள்ள கொடியின் நரம்பு, கல்வெட்டு எழுத்தின் ஆழம் எல்லாம் மழுங்கிப்போகும். ஆசிட் அதைவிட மோசம், உள்ளே இறங்கி நின்றுகொண்டு பின்னால் வேலை காட்டும். இழைகள் கல்லோடு பின்னிக் கிடப்பதால் கத்தியால் சுரண்டினாலும் கல்துகளும் சேர்ந்துதான் வரும்.

எழுத்து எதுவும் இல்லாத தரைக்கல், படிக்கட்டு போன்ற இடங்களில் வெறும் தண்ணீரும் மெத்தென்ற நைலான் பிரஷ்ஷும் போதும். சிற்பம், கல்வெட்டு உள்ள இடத்தில் தொல்லியல் துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். நம் பக்கத்துப் பாறைகளில் எங்கே என்ன எழுதியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அரச்சலூர் மலையில் இசை எழுத்துகள் வெட்டிய தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது, ஈரோட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஒரு காலத்தில் அந்தப் பாறையையும் யாராவது சுத்தம் பண்ணிவிட்டிருந்தால்? கும்பாபிஷேகத்துக்குக் கல் வெள்ளை வெளேர் என்று மின்ன வேண்டும் என்று எந்த ஆகமத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை.

கேள்வி: போன வருஷம் எங்கள் பள்ளியில் பிள்ளைகளை வைத்துச் சின்னதாக ஒரு இயற்கைக் குழு ஆரம்பித்தோம். முதல் ஆண்டுக்கூடலை லைக்கனை வைத்தே நடத்த ஆசை. எப்போது, எப்படி நடத்தலாம்? செலவு அதிகம் ஆகக் கூடாது.
– ஆசிரியை, பெருந்துறை

பதில்: இந்தக் கடிதத்துக்காகவே மற்றக் கடிதங்களின் கிண்டலை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

கார்த்திகை, மார்கழியில் வையுங்கள் டீச்சர். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருக்கும், காலையில் பனி இருக்கும், லைக்கன் எல்லாம் நனைந்து நிறம் காட்டும். செலவு என்றால் லென்ஸ்தான். ஆளுக்கு ஒன்று வேண்டியதில்லை, நாலு பிள்ளைக்கு ஒன்று போதும், தள்ளுமுள்ளுதான் பாதி சுவாரசியம். தண்ணீர் தெளிக்கிற பாட்டில் ஒன்று, அளவுகோல் ஒன்று. வெளியூரிலிருந்து சிறப்பு விருந்தினர் வேண்டாம். அவர் வர நேரமாகி, பிள்ளைகள் வெயிலில் நின்று, கடைசியில் அவர் பேசிவிட்டுப் போக, மரத்தை யாருமே பார்க்காமல் கூடல் முடிந்துவிடும்.

முதலில் மூன்று உருவத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். பெயின்ட் சிந்தியது போல ஒட்டிக்கிடப்பது ஒன்று, இலை மாதிரி மடல் விரித்திருப்பது ஒன்று, புதர் மாதிரியோ தாடி மாதிரியோ தனியாக நீட்டிக்கொண்டிருப்பது ஒன்று. உங்கள் ஊரில் மூன்றாவது கிடைப்பது கஷ்டம், அது ஏற்காட்டுக்கோ வால்பாறைக்கோ சுற்றுலா போகும்போது மரக்கிளையில் தொங்கும். வழுவழுப்பான பட்டையில் கறுப்பாகக் கோடு கோடாகக் கிறுக்கியது போல இருப்பது கிராஃபிஸ் வகை, பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும், அவரவர் பெயரின் முதல் எழுத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். முழுப் பெயர் வைத்தே தீர வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். பல லைக்கன்களை உறுதியாகச் சொல்ல ரசாயனச் சோதனையும் நுண்ணோக்கியும் வேண்டும், போட்டோவைப் பார்த்து அடித்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ரசாயனம் என்றதும் ஒன்று. வெள்ளைத் துணிக்குப் போடுகிற பிளீச்சையே அறிஞர்களும் பயன்படுத்துகிறார்கள். பார்மோட்ரெமா டிங்க்டோரம் என்ற இலை வகையின் மேல்தோலைக் கொஞ்சம் கீறி உள்ளே உள்ள வெள்ளைச் சதையில் ஒரு சொட்டு வைத்தால் சட்டென்று சிவக்கும், கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். அதே போலத் தெரிகிற பெர்லேட்டம் சிவக்காது. இதை நீங்கள் செய்து காட்டுங்கள், பிள்ளைகள் கையில் பிளீச்சைக் கொடுக்க வேண்டாம். மரத்தில் இருப்பதன் மேலும் ஊற்ற வேண்டாம், காற்றில் உதிர்ந்த சுள்ளியில் இருப்பதே போதும். கடையில் வாங்கிய கல்பாசியிலும் சோதித்துப் பார்க்கலாம், எது எது கலந்திருக்கிறது என்று அதுவே ஒரு மணி நேரப் பாடம்.

உதிர்ந்த சுள்ளியை எடுத்து வைப்பதானால் காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் வேர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். உறை மேல் எந்த ஊர், எந்த மரம், என்ன தேதி, யார் எடுத்தது, நாலும் இருக்க வேண்டும். நாலில் ஒன்று இல்லாவிட்டால் அது குப்பை. பாறையிலும் பட்டையிலும் பெயர்த்து எடுக்க வேண்டாம். சத்தியமங்கலம், ஆனைமலை போன்ற காப்பகக் காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது, அதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, ஆண்டுக்கூடல் என்பதற்கே பொருத்தமாக ஒரு வேலை. பிரிட்டனில் லைக்கன்காரர்களுக்குச் சர்ச் கல்லறைத் தோட்டம் என்றால் உயிர். கல்லறையில் வருஷம் வெட்டியிருக்கும், அந்தக் கல் எப்போது அங்கே வந்தது என்று தெரியும், அதன் மேல் வளர்ந்த லைக்கனின் அகலத்தை அளந்தால் வளர்ச்சி வேகம் தெரிந்துவிடும். பனிமலைகளில் பனி விலகிப் பாறை எப்போது வெளியே வந்தது என்பதைக்கூட இப்படி லைக்கனை அளந்து கணக்கிடுகிறார்கள், ரோலண்ட் பெஷெல் என்ற ஆஸ்திரியர் 1950-களில் வளர்த்தெடுத்த முறை அது. நமக்கும் வருஷம் வெட்டிய கல்லுக்குப் பஞ்சமா? பள்ளிக்கூட அடிக்கல், வாய்க்கால் பாலத்துக் கைப்பிடிச் சுவர், தாத்தா காலத்துக் கிணற்று மேட்டுக்கல், ஏற்காடு போனால் வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறை.

உங்கள் பள்ளி அடிக்கல்லில் ஒரு திட்டைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் அளவுகோலை வைத்து நேராக ஒரு போட்டோ எடுத்துப் பதிவேட்டில் ஒட்டுங்கள். அடுத்த வருஷம் அதே திட்டு, அதே அளவுகோல். ஒட்டு வகை என்றால் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோதான் நகரும், இலை வகை சில மில்லிமீட்டர் போகும். முதல் வருஷம் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள், பரவாயில்லை. பதிவேடு தொலையாமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டமான வேலை. தலைமையாசிரியர் அறை பீரோவில் வைக்காதீர்கள், அங்கே போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. பொறுப்பான ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கையில் கொடுங்கள், இன்னும் நாலு கூடலுக்காவது அது அதே பள்ளியில் இருக்கும்.

கேள்வி: எங்கள் ஓட்டு வீட்டு முற்றத்தில் பச்சையாகப் படர்ந்து வழுக்குகிறதே, அதுவும் லைக்கனா? அதையும் அப்படியே விடச் சொல்வீர்களா? மாமியார் போன வாரம்தான் வழுக்கி விழுந்து எழுந்தார்.
– வாசகி, தாராபுரம்

பதில்: அது லைக்கன் இல்லைங்க, வெறும் பாசி. தண்ணீர் தேங்குகிற, நிழல் விழுகிற இடத்தில் வருவது. தாராளமாகத் தேய்த்துக் கழுவுங்கள், தென்னந்துடைப்பமும் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும் போதும். அப்புறம் தண்ணீர் எங்கிருந்து வந்து தேங்குகிறது என்று பார்த்து அடையுங்கள், இல்லாவிட்டால் பத்தே நாளில் திரும்ப வரும். மாமியாரிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.